பிளேட் சொல்லட்டும் என்று

எங்கள் ஆஸ்பத்திரியில் கல்ச்சர் லேப் எங்கே என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்கேல் அக்கா எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து விட்டுவிடுவார். வெள்ளைக் கோட்டின் மேல் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள். அவர் ஆறு அங்குல பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்திருப்பார். அதை எடுத்து யாராவது கோடு கீடு போட்டுவிட்டால் அன்று முழுவதும் லேபில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

நான் அதே லேபில் ரிப்போர்ட் அடிப்பவன். இருபத்திரண்டு வருடம் அவருக்கு எதிர் மேஜை. என்னைவிட நான்கு வயது மூத்தவர். எனக்கு 'டைப்பு' என்று பெயர் வைத்தது அவர்தான். வைத்த நாளிலிருந்து என் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வார்டிலிருந்து நோயாளியின் சிறுநீர், சீழ், ரத்தம் என்று ஏதாவது வரும். அதிலிருக்கும் கிருமியை, பிளேட் என்கிற மூடி போட்ட வட்டத் தட்டில் ஒரு நாள் வளர்க்க வேண்டும். வளர்ந்ததை எடுத்து இன்னொரு பிளேட் முழுக்கப் பூசி, அதன் மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வரிசையாக வைத்து, மறுபடி ஒரு நாள் இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு தெளிந்த வட்டம் விழும். செய்யாவிட்டால் வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி படர்ந்திருக்கும். அக்கா பிளேட்டைக் கவிழ்த்து, ஸ்கேலை வைத்து, வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லுவார். அட்டவணையைப் பார்த்து 'எஸ்' அல்லது 'ஆர்' என்பார். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கேட்கும், ஆர் என்றால் கேட்காது. நான் அடிப்பேன். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பன்னிரண்டு மருந்தில் பத்து எஸ்ஸாக இருக்கும். இப்போதெல்லாம் நான் பார்க்காமலே என் விரல் ஆர் எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஒவ்வொரு சாம்பிளோடும் ஒரு படிவம் வரும். அதில் ஏழாவது கேள்வி, நோயாளி கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டாரா, எடுத்தால் எது, எத்தனை நாள் என்பது. வார்டில் அவசரத்தில் அதை மட்டும் காலியாக விட்டுவிடுவார்கள். அக்கா விடமாட்டார். உடனே போனை எடுத்துவிடுவார்.

"சிஸ்டர், ஏழாவது காலியா இருக்கு. பேஷன்ட் பேர் எழுத நேரம் இருக்கு, வயசு எழுத நேரம் இருக்கு, இதுக்கு மட்டும் கை வலிக்குதா? பிளேட் வாயைத் திறக்க ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் டாக்டர் எதை வச்சு மருந்து எழுதுவாரு? இந்த ஏழாவதைப் பாத்துத்தான். போய் அவங்களையே கேட்டு எழுதி அனுப்புங்க. அதுக்கப்புறம்தான் நான் தொடுவேன்."

அக்காவின் சத்தத்துக்குப் பயந்தே எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்விக்குப் பதில் வர ஆரம்பித்தது. ஒருமுறை பெரிய டாக்டர் எல்லா வார்டு சிஸ்டர்களையும் சின்ன டாக்டர்களையும் ஹாலில் உட்காரவைத்து, அக்காவை எழுந்து நின்று பேசச் சொன்னார். பேசினார். வீட்டில் தானே மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் சொல்ல வெட்கப்படுவார்கள், நாம்தான் நயமாகக் கேட்டு வாங்க வேண்டும் என்றார். கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் வரை தலையை நிமிர்த்தியே நடந்தார். நானும் கேலி செய்து பார்த்தேன், கண்டுகொள்ளவே இல்லை.

இனி எனக்கு எழுதப் பிடிக்காத பகுதி. அக்காவின் மேஜையின் கீழ் டிராயரில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் டாக்டர்களிடம் சாம்பிள் மாத்திரை அட்டைகள் கொடுத்துவிட்டுப் போவார்கள். டாக்டர்கள் அதை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஆன்டிபயாடிக் அட்டைகளை அக்கா அந்த டின்னில் சேர்த்து வைப்பார். லேபில் யாருக்காவது காய்ச்சல், பல்வலி, தொண்டைக்கட்டு என்றால் டின் திறக்கும். கடையில் கொடுப்பதைப்போல ஏதோ ஒன்றைக் கொடுக்கமாட்டார். அதில்தான் அவருக்குப் பெருமை.

"போன வாரம் வந்த பிளேட்டுல எல்லாம் இந்த மருந்துதான் பளிச்சுன்னு வட்டம் போட்டிருக்கு. இதைப் போடு டைப்பு. டாக்டருக்கே இது அடுத்த மாசம்தான் தெரியும்."

நானும் வாங்கித் தின்றவன்தான். கடைவாய்ப் பல் வலிக்கு நான்கு மாத்திரை. சாம்பிள் அட்டையில் நான்குதான் இருக்கும். வேளைக்கு ஒன்றாக இரண்டு நாளில் தீர்ந்துவிடும், வலியும் போய்விடும், நாமும் மறந்துவிடுவோம். ஐந்து நாளோ ஏழு நாளோ சாப்பிட வேண்டிய மருந்து அது என்பது எங்கள் இருவருக்கும் தலைகீழ்ப் பாடம். ஆனால் கம்பெனிக்காரன் அட்டையில் எத்தனை வைத்தானோ அதுதான் எங்கள் கணக்காக இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் செய்தால் அறிவில்லாத வேலை, நாங்கள் செய்தால் விவரம் தெரிந்த வேலை. இதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் பார்த்ததில்லை, அதை இருபது வருடம் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்.

அந்த டின்னுக்கு முதல் வாடிக்கை அக்காவின் தங்கைதான். சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட, ஏழு வயது இளைய தங்கையைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்து கொடுத்ததெல்லாம் அக்கா. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பிளேட்டைப் பாக்கவே பொழுது சரியா இருக்கு, இதுல மாப்பிள்ளை வேற பாக்கணுமா?" என்று வாயை அடைத்துவிடுவார். தங்கை ஒரு துணிக் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளில் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் இருந்தாள். தங்கையின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பேசினால் வாய் எங்கே தேய்ந்துவிடுமோ என்று பயப்படுகிற மாதிரியான மனிதர்.

துணிக் கம்பெனியில் பாத்ரூம் போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் சொல்லி அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஐம்பது பேருக்கு இரண்டு அட்டை. அதற்காகவே அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். வருடத்தில் மூன்று நான்கு தடவை சிறுநீர்க் கடுப்பு வந்துவிடும். உடனே போன் வரும்.

"டாக்டரம்மா, எரிச்சல் வந்துடுச்சு. நம்ம ஆஸ்பத்திரியைத் தொறக்கிறியா?"

நம்ம ஆஸ்பத்திரி என்றால் பிஸ்கட் டின். அக்கா சிரித்துக்கொண்டே ஓர் அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொள்வார். இரண்டு நாளில் எரிச்சல் நின்றுவிடும். இப்படியே ஐந்தாறு வருடம் ஓடியது. ஒருமுறைகூட அவளுடைய சிறுநீர் எங்கள் லேபுக்கு வந்ததில்லை. ஊரார் சிறுநீரையெல்லாம் வளர்த்துப் பார்த்த அக்காவுக்குத் தங்கையுடையதைப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். எமர்ஜென்சியிலிருந்து அக்காவுக்குப் போன். தங்கையைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார்கள். நானும் கூடவே ஓடினேன். இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். விலாவுக்குக் கீழே முதுகைத் தொட்டால் அலறினாள். லிஃப்ட் மெக்கானிக் வேலை உடுப்போடு, கையில் கிரீஸோடு, கால்மாட்டில் நின்றிருந்தார். டியூட்டியில் இருந்தது ஒரு சின்ன டாக்டரம்மா. ஏழாவது கேள்விக்காக அக்காவிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவரும்கூட.

படிவத்தை எடுத்துக்கொண்டே அவர் சொன்னார். "அக்கா, அப்புறம் நீங்க திட்டுவீங்க, அதனால முதல்லயே கேட்டுடறேன். இவங்க இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்துக்கிட்டாங்களா? மூணு மாசத்துக்குள்ள?"

"இல்ல டாக்டர்" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரத்துக்கு முன்புதான் என் கண் முன்னாலேயே ஓர் அட்டையை எடுத்துப் பையில் போட்டார். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பு இன்னொன்று. டாக்டரம்மா 'இல்லை' என்று எழுதி, வழக்கமாக இப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் போடும் ஊசியை ஆரம்பிக்கச் சொன்னார். அவர் செய்தது சரிதான். எடுத்ததில்லை என்று வந்தால் அந்த ஊசி. ஏற்கெனவே பலமுறை எடுத்தவர் என்றால் முதலிலேயே அதற்கு அடுத்த பெரிய ஊசி. எங்கள் ஆஸ்பத்திரியில் எழுதி ஒட்டிவைத்திருக்கும் முறை அது.

சாம்பிள் டப்பாவோடு லேபுக்குத் திரும்பும்போது வராந்தாவில் கேட்டேன். "அக்கா, போன மாசம் குடுத்தீங்களே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "பிளேட் சொல்லிடும் டைப்பு. இதுல என்ன இருந்தாலும் பிளேட் சொல்லிடும். நான் சொல்லாட்டி என்ன?"

பிளேட் சொல்ல இரண்டு நாள் ஆகும் என்று ஊருக்கே போனில் கத்தியவர் அவர். நான் அதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிளேட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியப்போகிறது என்று மென்று விழுங்கிவிட்டேன். பிற்பாடு ஒரு நாள் அவரே சொன்னார். "அந்த நேரத்துல வேற எதுவும் தோணல. அந்த டாக்டர் பொண்ணு முன்னாடி அசிங்கமாயிடுமேன்னு மட்டும்தான் தோணுச்சு. ஒரு நிமிஷ வெட்கம். அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் தங்கை கொஞ்சம் தெளிவாக இருந்தாள். என்னைப் பார்த்து, "பாத்தீங்களா அண்ணே, நம்ம ஆஸ்பத்திரியை விட்டுட்டு இந்த டூப்ளிகேட் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்" என்று சிரித்தாள். அக்காவும் சிரித்தார். ஊசி வேலை செய்கிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டோம்.

புதன்கிழமை காலையில் பிளேட்டில் கிருமி திட்டுத் திட்டாக வளர்ந்திருந்தது. அக்கா அதை எடுத்து இன்னொரு பிளேட்டில் பூசி, பன்னிரண்டு வில்லைகளையும் வைத்தார். பிளேட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனுக்குப் போனார். எமர்ஜென்சி எண்ணைத்தான் அழுத்தினார். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். சாம்பிள் ஏதாவது அனுப்பணுமான்னு கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை தங்கைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. சிறுநீர் குறைந்துவிட்டது. நினைவு தடுமாறி, அக்காவைப் பார்த்து "அம்மா, கதவைச் சாத்து" என்றாள். சின்ன டாக்டரம்மாவுக்கு முகம் மாறியது. "நாளைக்குக் காலையில ரிப்போர்ட் வந்துடும்ல அக்கா? பாத்துட்டு மருந்தை மாத்திடறேன்" என்றார். அக்கா தலையை ஆட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது இன்னும் கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

வியாழக்கிழமை அவர் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். நானும் வந்திருந்தேன். பிளேட்டைக் கவிழ்த்தார், ஸ்கேலை எடுத்தார், மற்ற எல்லாப் பிளேட்டையும் படிப்பதைப்போலவே படித்தார்.

"ஆறு. ஆர். ஆறு. ஆர். எட்டு. ஆர்."

ஆறு மில்லிமீட்டர் என்பது வெறும் வில்லையின் அகலம். அதாவது வட்டமே இல்லை. இரண்டு நாளாக அவள் நரம்பில் ஏறிக்கொண்டிருந்த மருந்தின் வில்லைக்கு வந்தபோதும் அவர் "ஆறு" என்றுதான் சொன்னார். நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. பன்னிரண்டில் பத்து ஆர். கடைசி இரண்டு எஸ். அதில் ஒன்று, அந்தப் பெரிய ஊசி. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் செவ்வாய்க்கிழமையும் அது அலமாரியில்தான் இருந்தது.

ரிப்போர்ட்டில் ஏழாவது கேள்வி வரும் இடத்தில் என் கை நின்றது. "என்ன அடிக்கட்டும்?" என்று கேட்டேன்.

"படிவத்துல என்ன இருக்கோ அதை அடி."

அடித்தேன். அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அரை மணி நேரத்தில் பெரிய ஊசி ஏறியது. ஆனால் அதற்குள் கிருமி ரத்தம் முழுக்கப் பரவி, சிறுநீரகம் இரண்டும் நின்றிருந்தன. டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் போராடிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். நாற்பத்தாறு வயது.

சின்ன டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மன்னிச்சிடுங்க அக்கா. முதல் நாளே பெரிய மருந்தைப் போட்டிருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சு."

"உங்க தப்பு இல்ல டாக்டர்" என்றார் அக்கா. அதற்கு மேல் ஒரு சொல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். டின்னிலிருந்த அட்டைகளை எல்லாம் கழிவுப் பையில் கொட்டினார். ஏழாவது காலியாக வந்த படிவங்களை ஒன்றும் பேசாமல் வாங்கிவைத்துக்கொண்டார். போன் பக்கமே போகவில்லை. சிஸ்டர்கள் அக்கா மாறிவிட்டார், பாவம், தங்கை போன துக்கம் என்றார்கள். ஒரு மாதத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிப் படிவங்கள் மறுபடியும் காலியாகவே வர ஆரம்பித்தன. அதையும் நான்தான் அடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். தனியாக இருக்கிறாரே என்றுதான். லிஃப்ட் மெக்கானிக் அங்கே இருந்தார். ஞாயிறுதோறும் வருகிறாராம். பெரிதாக எதுவும் பேசுவதில்லை, அக்கா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நான்கு மணி வரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். சொந்தம் என்று அக்காவுக்கு மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான்.

அன்று அவர் பேசினார். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன். அன்னிக்கு அந்த டாக்டர் கேட்டாங்கல்ல, முன்னாடி மாத்திரை ஏதாவது எடுத்தாங்களான்னு? நான் சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். நீங்க இல்லைன்னுட்டீங்க. சரி, அக்காவுக்குத் தெரியாததா, நீங்க குடுத்தது வேற ஏதோ சாதாரண மாத்திரையா இருக்கும்போலன்னு விட்டுட்டேன். எங்க வேலையில ஒரு சின்னச் சத்தம் கேட்டாக்கூட எழுதிவைக்கணும், சந்தேகமா இருந்தாலும் எழுதணும். நான் சும்மா நின்னுட்டேன். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. நான் சொல்லியிருக்கணுமா அக்கா? சொல்லியிருந்தா ஏதாவது ஆகியிருக்குமா?"

'இல்லை மாப்பிள்ளை, எதுவும் ஆகியிருக்காது' என்று அக்கா சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். அடுத்த ஞாயிறும் வந்திருப்பார். அக்கா அப்படிச் சொல்லிவிடமாட்டாரா என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன்.

"ஆகியிருக்கும் மாப்பிள்ளை" என்றார் அக்கா. "அன்னிக்கே வேற மருந்து போட்டிருப்பாங்க. ரெண்டு நாள் முன்னாடியே போட்டிருப்பாங்க. அது எங்க ஆஸ்பத்திரியிலயே இருந்துச்சு. சொல்லியிருக்க வேண்டியது நீங்க இல்ல, நான். அது சாதாரண மாத்திரையும் இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இல்லைன்னு சொன்னேன்."

"பொழச்சிருப்பாளா?"

"சத்தியமா சொல்லத் தெரியல. பொழைக்க வழி இருந்துச்சு."

மெக்கானிக் கோபப்படவில்லை. அக்கா திட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்பதைப்போல நின்றார், அது வரவில்லை. மெக்கானிக் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இவருக்கும் தெரியுமா?"

அக்கா எனக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "தெரியும்" என்றேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. எனக்கும் போக முகம் இல்லை. அக்கா மூன்று பேருக்குச் சமைத்துவிட்டுக் காத்திருந்ததாகத் திங்கட்கிழமை சொன்னார்.